பழைய காரின் பிரேக்கைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். பெயின்ட், குரோம் முலாம், தோல் இருக்கை என்று எல்லாம் விரிவாக இருந்தது. பிரேக் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு போல்ட்டைக்கூட மாற்றாமல் அசலாக வைத்திருப்பதுதான் பெருமை என்ற முடிவும் எனக்கு உறுத்தியது. பழைய கார்களின் பிரேக் வேலையையே தொழிலாகச் செய்துவந்தவன் நான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுழலும் உருளைக்குள் ஷூ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து, அவற்றின் மேல் ஒட்டிய லைனிங் உரசி நிறுத்தும் வகை. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுபவரின் காலுக்கு அடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து நான்கு சக்கரத்துக்கும் ஒரே இணைப்பில்தான் ஆயில் போகிறது. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும், எந்தச் சக்கரத்திலும் பிரேக் இருக்காது. ஹேண்ட் பிரேக் மட்டுமே மிச்சம். இந்த ஆபத்துக்காகத்தான் அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் புதிய கார்களில் பிரேக் இணைப்பை இரண்டாகப் பிரிப்பது கட்டாயமானது. அதனால் பழைய காரில் முதலில் எதை மாற்றலாம் என்று கேட்பவர்களிடம் நான் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் பேட் என்ற உரசுகட்டைகள் கவ்விப் பிடிக்கும் பிரேக்) என்று சொல்வதில்லை. இரட்டை மாஸ்டர் சிலிண்டர் என்றுதான் சொல்வேன். ஒரு பக்கம் கசிந்தாலும் மறுபக்கம் வண்டியை நிறுத்தும்.

டிஸ்க்கும் நல்லதுதான். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிரம் சூடாகி விரியும், லைனிங்கின் பிடிப்பு குறையும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. டிஸ்க் காற்றில் திறந்து கிடப்பதால் சூடு சீக்கிரம் தணிகிறது. 1953 லெ மான் பந்தயத்தில் ஜெயித்த ஜாகுவார் சி-டைப்பில் இருந்தது டிஸ்க் பிரேக். 1955இல் வெளிவந்த சித்ரோயன் டிஎஸ் காருக்கும் முன்சக்கரங்களில் டிஸ்க்தான். அந்தக் காலத்திலேயே வந்துவிட்ட ஒன்றை அந்தக் காலத்துக் காரில் பொருத்துவது அசலுக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

ஆனால் முன்சக்கரத்தில் டிஸ்க்கை மாட்டிவிட்டு மற்றதையெல்லாம் பழையபடி விட்டால் வினைதான். ஒருவர் அப்படி மாட்டிய காரைக் கொண்டுவந்தார். கொஞ்ச தூரம் ஓடினாலே முன்சக்கரத்தில் புகை. பேட்டை மாற்றியும் பயனில்லை. காரணம் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருந்தது. டிரம்முக்கான சிலிண்டரில், குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு ஒன்று உண்டு. டிரம்மில் ஷூவைத் திரும்ப இழுக்க பலமான ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் தொந்தரவு செய்யாது. டிஸ்க்கில் அந்த ஸ்பிரிங் இல்லை, பேட் உரசிக்கொண்டே இருக்கும். சரி, வால்வையே எடுத்துவிடலாமா என்றால், மைனர் போல சிலிண்டர், பேட்களை அழுத்தும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் வண்டியில் ஆயில் பின்னால் வடிந்து, முதல் மிதிக்குப் பெடல் ஆழமாக இறங்கும். அங்கே 2 பிஎஸ்ஐ வால்வு போட வேண்டும்.

பின்சக்கரத்தையும் மறக்கக் கூடாது. டிஸ்க்குக்கு டிரம்மைவிட அதிக அழுத்தம் தேவை. அதே அழுத்தம் பின்னாலுள்ள டிரம்முக்கும் அப்படியே போனால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றை வைத்து, ஆளில்லாத இடத்தில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அப்புறம் காலிப்பர்களை இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஏர் எடுக்கும், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் நிப்பிள் மேல்பக்கம் இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரிதான் அமுங்கும்.

பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 என்ற வகைகள் இரண்டும் காற்றின் ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த அளவு 155 டிகிரிவரை இறங்கிவிடலாம். காட்சிக்கு நிறுத்தியே வைத்திருக்கும் காரிலும் இது நடக்கும். சிலிக்கான் வகையான டாட் 5ஐ இவற்றோடு கலக்கவே கூடாது.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். பழைய லைனிங்கில் நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். நனைத்துத் துடையுங்கள். முகமூடி இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள், பிள்ளைகளை விடாதீர்கள்.

அசல் மேல் பிரியமுள்ளவர்களின் மனசு எனக்குப் புரிகிறது. சேசிஸை வெட்டாமல், புதிய துளை போடாமல் இந்த மாற்றத்தைச் செய்ய முடிகிற வண்டிகள் நிறைய உண்டு. கழற்றிய பாகங்களுக்குச் சீட்டு ஒட்டிப் பத்திரப்படுத்தினால், பிறகு வருபவர் விரும்பினால் பழையபடி மாட்டிக்கொள்ளலாம். கண்காட்சி நடுவர்களும் இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்காக மதிப்பெண் குறைக்காமல் இருக்க வேண்டும்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வரும்போது, பிரேக்கில் என்ன செய்தீர்கள் என்று காரின் சொந்தக்காரரிடம் கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார்களின் பிரேக் வேலை செய்யும் வாசகர்