கேஸ் மாத்திரையை எத்தனை நாள் போடுறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வயித்துப் புண் பத்தின கட்டுரை படிச்சேன், நல்லா எழுதியிருந்தாங்க, ஆனா கேஸ் மாத்திரையை எப்போ போடணும் எத்தனை நாள் போடணும்னு ஒரு வரி கூட இல்ல. அது தெரியாம எங்க வீட்டுல பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல.

அப்பாவுக்கு மூட்டு வலி. வலி மாத்திரை அடிக்கடி போடுவார், நெஞ்சு எரிஞ்சா கடையில பான்டோப்ரசோல்ங்கற கேஸ் மாத்திரை வாங்கி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு போட்டுக்குவார். இப்படியே 4 வருஷம். எரிச்சல் அடங்குதுல்ல, அதனால உள்ள ஒண்ணும் இல்லன்னு நாங்களும் விட்டுட்டோம். ஒரு நாள் மலம் தார் மாதிரி கருப்பா போச்சு, தலை சுத்தி உக்காந்துட்டார். எண்டோஸ்கோபி பண்ணினா சிறுகுடல் ஆரம்பத்துல புண், ரத்தம் கசியுது, கூடவே எச். பைலோரி கிருமியும் இருக்கு. வலி மாத்திரை ஒரு பக்கம் கிருமி ஒரு பக்கம்னு ரெண்டும் சேர்ந்து அரிச்சிருக்கு. கிருமி இருந்தா ஆசிட்டை மட்டும் குறைச்சு பிரயோஜனமில்ல, கேஸ் மாத்திரையை நிறுத்தினா புண் திரும்ப வரும். 14 நாள் ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிச்சார். கிருமி போச்சான்னு பாக்குற மூச்சு டெஸ்டுக்கு 2 வாரம் முன்னாடியே டாக்டர் சொல்லித்தான் கேஸ் மாத்திரையை நிறுத்தினார், இல்லன்னா கிருமி இருந்தும் இல்லன்னு ரிசல்ட் வந்துடுமாம். (இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்ச மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005ல நோபல் பரிசே குடுத்தாங்க, ஆனா இன்னமும் நம்மள்ல பாதி பேர் புண்ணுக்கு காரத்தையும் கவலையையும்தான் குத்தம் சொல்றோம்.)

அப்புறம் அந்த நேர விஷயம். வயித்துல ஆசிட் சுரக்குற பம்புகள் சாப்பிடும்போதுதான் நிறைய வேலை செய்யும், ஓமெப்ரசோல் பான்டோப்ரசோல் எல்லாம் வேலை செய்யுற பம்பைத்தான் பூட்டும். அதனால காலைல சாப்பிடுறதுக்கு அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் முன்னாடி மருந்து உள்ள போயிருக்கணும். அப்பா 4 வருஷமும் சாப்பிட்டப்புறம்தான் போட்டார், ஒருத்தரும் சொல்லல. முழு பலன் தெரியவும் சில நாள் ஆகும், உடனே எரிச்சல் அடங்கணும்னா ஆன்டாசிட் சிரப்தான்.

என் கதை வேற. எனக்கு ரிஃப்ளக்ஸ், அதாவது வயித்து ஆசிட் மேல ஏறி வர்ற தொந்தரவு, ஒரு வருஷம் கேஸ் மாத்திரை போட்டுட்டு இருந்தேன். கிட்னி போயிடும்னு போன்ல எதையோ படிச்சு பயந்து ஒரே நாள்ல நிறுத்திட்டேன், அதுக்கப்புறம் முன்னை விட மோசமா எரிச்சல், பத்து நாள் தூக்கமே இல்ல. அடக்கி வெச்சிருந்த ஆசிட் சில வாரம் அதிகமா சுரக்குமாம், அதனால டோஸைக் குறைச்சு மெதுவா நிறுத்தணும்னு டாக்டர் சொன்னார். கிட்னி கதையில தொடர்பு இருக்கலாம்னு ஆய்வுகள் சொல்லுதே தவிர இந்த மாத்திரைதான் காரணம்னு இன்னும் நிரூபணம் ஆகல, ஆனா வருஷக்கணக்கா போட்டா பி12, மெக்னீசியம் குறைய வாய்ப்பு இருக்கு, அதை டெஸ்ட் பண்ணிக்கணும். ஆஸ்பிரின் போடுறவங்க, முன்னாடி ரத்தம் கசிஞ்சவங்க பயத்துல கேஸ் மாத்திரையைத் தானா நிறுத்தவே கூடாது, அவங்களுக்கு அது காவல் மாத்திரை. ரத்தம் உறையாம இருக்க க்ளோபிடோக்ரெல் போடுறவங்களுக்கு ஓமெப்ரசோல் சரிப்படாது, க்ளோபிடோக்ரெலோட வேலையைக் குறைச்சிடும்.

மலம் கருப்பா போறது, ரத்த வாந்தி, முழுங்க முடியாம இருக்கறது, காரணமே இல்லாம எடை குறையறது, இதுல ஒண்ணு இருந்தாலும் கேஸ் மாத்திரை போட்டு தள்ளிப் போடாதீங்க, உடனே போய் காட்டுங்க.

ஒரு டாக்டர்கிட்ட கேட்டு, யார் எத்தனை வாரம் போடணும், யார் தொடர்ந்து போடணும்னு அடுத்த இதழ்ல ஒரு பக்கமாவது போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க வாசகி