ஆறு வருஷமா, இரண்டு வருஷமா?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் மகள் வெளிநாட்டில் ஆசிரியர் வேலைக்கு மனுப் போடப் போகிறாள் என்பதில் சந்தோஷம். கூடவே நீ அனுப்பிய அவளுடைய சுயவிவரத்தையும் படித்தேன். முதல் வரியிலேயே ‘ஆறு வருஷக் கற்பித்தல் அனுபவம்’ என்று போட்டிருக்கிறாள். ஆளெடுப்பவர்கள் முதலில் பிரித்துப் பார்ப்பது அந்த வரியைத்தான். பள்ளியில் இரண்டு, ஆன்லைன் டியூஷனில் மூன்று, கல்லூரியில் ஒன்று. சர்வதேசப் பள்ளி என்றால் பெரும்பாலும் பள்ளியில் வேலை பார்த்த இரண்டு வருஷத்தை மட்டும் எண்ணும்.

அதற்குக் காரணம் உண்டு. சம்பளப் படிநிலையை நிர்ணயிக்கும்போது பல பள்ளிகள் பி.எட். மாதிரியான தகுதி பெற்ற பிறகு, முழுநேரமாக, பள்ளியில் வேலை பார்த்த ஆண்டுகளைத்தான் கணக்கில் எடுக்கும். டியூஷனில் இருபத்தைந்து பிள்ளைகளைக் கட்டி மேய்க்க வேண்டியதில்லை, மதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டியதில்லை. முக்கியமாக, மேலதிகாரி யாரும் பின்வரிசையில் உட்கார்ந்து வகுப்பைக் கவனித்ததில்லை. எனக்கு இது முழு நியாயமாகப் படவில்லை. ஒரு பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதைத் தனி வகுப்பில்தான் ஆசிரியர் நன்றாகக் கற்றுக்கொள்கிறார். ஆனால் அதைச் சரிபார்க்க யாரைக் கேட்பது?

கல்லூரி அனுபவம் வேறு மாதிரி. மேல்வகுப்பு இயற்பியலுக்கு ஆள் தேடும் பள்ளி அதைப் பாட அறிவுக்குச் சான்றாக மதிக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை இவளால் சமாளிக்க முடியுமா என்ற சந்தேகம் மட்டும் நிற்கும். நேர்காணலில் அந்தக் கேள்வி வரும்.

மொழிப் பயிற்சி நிறுவனங்களின் கணக்கே தனி. அங்கே மணி நேரம் பேசும். வாரம் இருபது மணி நேரம் பாடம் எடுத்திருந்தால் அதை முழுநேரமாக ஏற்பவர்கள் உண்டு. ஆன்லைன் வகுப்பும் எடுபடும். ஆங்கிலம் கற்பிப்பதற்கான செல்டா (CELTA) சான்றிதழுக்கு அங்கே மரியாதை அதிகம். அது குறைந்தது 120 மணி நேரப் படிப்பு. அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்கள் முன் பாடம் நடத்த வேண்டும், பயிற்றுநர் உட்கார்ந்து கவனிப்பார். ‘120 மணி நேரம்’ என்றே விற்கப்படும் மலிவான ஆன்லைன் சான்றிதழ்கள் பலவற்றில் அந்த 6 மணி நேரம் இருக்காது. இரண்டிலும் அதே 120தானே என்று நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய.

அரசு விதிகளும் இருக்கின்றன. இங்கிலாந்து 2023 பிப்ரவரியில் க்யூ.டி.எஸ். என்னும் ஆசிரியர் தகுதியை இந்தியா உள்ளிட்ட மேலும் சில நாட்டு ஆசிரியர்களுக்குத் திறந்தது. கணிதம், அறிவியல், மொழிகள் நடத்துவோருக்கு மட்டும். குறைந்தது ஒரு முழுக் கல்வியாண்டு ஆசிரியர் அனுபவமும் கேட்கிறார்கள். உன் மகள் இதைப் பார்த்து வைக்கட்டும்.

இனி, அனுபவச் சான்றிதழ். பலருக்கும் சறுக்குவது இங்கேதான். ‘இன்னார் எங்களிடம் பணியாற்றினார், நன்னடத்தை உள்ளவர்’ என்ற இரண்டு வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரம் என்ற சொல், பாடம், வகுப்புகள், வாரத்துக்கு எத்தனை பீரியட், எந்தப் பாடத்திட்டம், எல்லாம் அதில் வேண்டும். பள்ளியின் லெட்டர்ஹெட்டில், முத்திரையுடன், கையெழுத்திடுபவரின் பதவியும் பள்ளியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலும் இருக்க வேண்டும். ஜிமெயில் முகவரி இருந்தால் சரிபார்ப்பவர் தயங்குவார். சுயவிவரத்தில் ஜூன், சான்றிதழில் ஜூலை என்றிருந்தால் பொய் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, சான்றிதழில் சுருங்கி இருந்தாலும் தலைவலிதான்.

வேலை இல்லாமல் இருந்த மாதங்களை மறைக்க வேண்டாம். குழந்தைப் பாதுகாப்பு விதிகள் காரணமாக, இடைவெளிகளைத் துருவிக் கேட்பார்கள். கடைசியாக வேலை பார்த்த பள்ளியின் தலைமையை நேரடியாகவே தொடர்புகொள்வார்கள். கல்வியாண்டின் நடுவில் விலகியிருந்தால் அதற்கும் ஒரு நேரான பதில் தயாராக இருக்கட்டும்.

கேம்பிரிட்ஜ், ஐ.பி. ஆகிய சர்வதேசப் பாடத்திட்டங்களில் அனுபவம் இல்லையே என்று கவலைப்பட்டாயே, அது கதவை அடைத்துவிடாது. ‘பத்தாம் வகுப்பு இயற்பியல் எடுத்தேன்’ என்று எழுதுவதற்குப் பதில், செய்முறைப் பயிற்சிகளை எப்படித் திட்டமிட்டாள், விடைத்தாளுக்கு எந்த அளவுகோலில் மதிப்பெண் போட்டாள் என்று எழுதச் சொல். டியூஷனைத் தனித் தலைப்பில், மணி நேரக் கணக்கோடு கீழே போடட்டும். மேலே ‘பள்ளியில் முழுநேரம்: 2 ஆண்டுகள்’ என்றிருந்தால் போதும்.

சான்றொப்பத்துக்கு நாட்டைப் பார்த்து நடக்க வேண்டும். சவூதி அரேபியாவில் 2022 டிசம்பரிலிருந்து அப்போஸ்தில், அதாவது ஒரு சர்வதேச ஒப்பந்தத்தின்படி தூதரகம் போகாமலே செல்லும் சான்றொப்பம், நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த ஒப்பந்தத்தில் சேராத நாடு என்றால் தூதரகம் வரை ஏற வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கும்.

ஆகஸ்டில் தொடங்கும் பள்ளிகள் முந்தைய ஆண்டின் கடைசியிலேயே ஆள் தேடத் தொடங்கிவிடும். அவளுடைய பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெறப் போகிறார் என்று எழுதியிருந்தாயே, அதற்குள் கடிதத்தை வாங்கிவிடச் சொல். வரைவை முதலில் எனக்கு அனுப்பட்டும், பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்