பின்னறைக்குப் புதுக் கேபிள்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

முதலில் அந்த ஹீட்டர். பொங்கலன்று வீடியோவில் பேசினாயே, உன் பின்னால் தரையில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் ஹீட்டர், கெட்டில், லேப்டாப் மூன்றும் சொருகியிருந்தன. ஹீட்டர் 2000 வாட் என்றால் அது ஒன்றே 9 ஆம்பியர் கிட்டே இழுக்கும். கெட்டிலும் சேர்ந்தால் அந்த ஒல்லி வயர் தாங்காது. ஹீட்டரை நேராகச் சுவர் பிளக்கில் போடு, படுக்கும்போது அணைத்துவிடு. மெத்தை வேறு தரையில் கிடந்தது, அதன் ஓரம் ஹீட்டரை ஒட்டியிருந்தது. அது உங்கள் வீட்டில் எந்த அறை என்று எனக்குப் பிடிபடவில்லை. சரி, இருக்கட்டும்.

இங்கே பின்னறைக்குப் புதுக் கேபிள் போடுகிறேன். ஆயா இருந்தபோது இரண்டு லைட், ஒரு ஃபேன், அவ்வளவுதான். 2.5 ஸ்கொயர் எம்எம் வயரைப் பிவிசி பைப்பில் விட்டு ஒரு சாண் ஆழத்தில் புதைத்திருந்தது. இப்போது தோண்டினால் முருங்கை வேர் பைப்பை நெரித்து உடைத்திருக்கிறது, உள்ளே சேறு. யாராவது இஸ்திரிப் பெட்டி போட்டால் லைட் மங்குமே, அந்த வெளிச்சத்தில்தான் நீ பத்தாவது பரீட்சைக்குப் படித்தாய். நம் தெருவில் முதல் இன்ஜினியர் நீ. கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மீட்டர் போர்டிலிருந்து பின்னறைக்குச் சுற்றிப் போனால் 30 மீட்டர். ஏசி, கீசர் எல்லாம் ஓடி 20 ஆம்பியர் இழுத்தால் பழைய வயரில் 10 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 10 ஸ்கொயர் காப்பரில் 3 வோல்ட்டுக்குள் அடங்கும். 1902-லேயே காவிரியில் சிவசமுத்திரம் அருவியிலிருந்து நம் கோலார் தங்கவயலுக்குக் கரண்ட் கொண்டுவந்தார்கள், பெங்களூருக்கு 1905-ல்தான் வந்தது என்று தாத்தா சொல்லிச் சொல்லி மாய்வாரே. அத்தனை தூரத்துக்கு வோல்டேஜை ஏற்றி அனுப்பினார்கள். வீட்டில் அது ஆகாது. கம்பியைத் தடிமனாக்குவதுதான் வழி.

எலக்ட்ரீஷியன் பையன் ஒன்றரை அடி போதும் அங்கிள் என்றான். 75 சென்டிமீட்டர் இல்லாமல் கேபிளை இறக்க விடமாட்டேன் என்று குழியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். இரும்புக் கவசம் சுற்றிய ஆர்மர்ட் கேபிள், கீழேயும் மேலேயும் மணல், அதன்மேல் செங்கல், பிறகு எச்சரிக்கை டேப், அப்புறம்தான் மண். இரண்டு முனையிலும் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் போட்டு, அந்த ஆர்மரை எர்த் செய்யவேண்டும். சுரங்கத்தில் இருபது வருஷம் கேபிளோடு இருந்தவன் நான். 2001-ல் மூடினதோடு வேலை போயிற்று, கை மறக்கவில்லை. மண்ணுக்குள் போனது கண்ணுக்குத் தெரியாது பாப்பா. தெரியாததாலேயே போடும்போது சரியாகப் போடவேண்டும். மூடுவதற்கு முன் மெக்கர் வைத்து இன்சுலேஷன் சரியா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பின்னறையில் தனி டிபி பெட்டி, கரண்ட் கசிந்தால் உடனே கட் ஆக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. லோடு கூட்டித் தரச் சொல்லி கரண்ட் கம்பெனி பெஸ்காமுக்கும் எழுதிக்கொடுத்தாயிற்று.

சித்தப்பா மகளுக்கு வரன் அமைந்திருக்கிறது. மற்றதை அம்மா சொல்லியிருப்பாள். நீதான் அவளிடம் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு, அப்பாவிடம் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாயே. முன்பெல்லாம் மாப்பிள்ளை நடுவில் எட்டிப் பார்த்து, பிபி மாத்திரை போட்டீங்களா மாமா என்பார். தீபாவளிக்கும் அவர் குரல் இல்லை, பொங்கலுக்கும் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி கிழிந்ததை இரண்டு நாள் பாவாடைக்குள் மறைத்தவள் நீ. சீழ் பிடித்த பிறகுதான் சொன்னாய். இந்த வயதிலுமா அப்படி?

மெத்தையை ஹீட்டரைவிட்டுத் தள்ளிப் போடு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் அன்றைக்கே தூக்கிப் போடு. பெர்லினில் அது கிடைக்காமலா போகும்.

பின்னறை யாருக்கு என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். வாடகைக்கு இல்லை என்று மட்டும் சொன்னேன். அம்மா ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிட்டாள். கதவுக்குப் புதுப் பூட்டு, சாவி ஆணியில் தொங்குகிறது. நீ எப்போது வந்தாலும், எப்படி வந்தாலும், எதற்கு வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். அம்மாவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை சுவர் வெட்ட வருகிறார்கள். பிளக் பாயிண்ட் ஜன்னல் பக்கமா, அலமாரிப் பக்கமா என்று ஞாயிறுக்குள் சொல். மேசை ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்பதையும் சொல், அதற்குத் தகுந்தபடி பாயிண்ட் வைக்கச் சொல்கிறேன். அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, எனக்கே போன் செய்.

அப்பா