சைக்ளோன் டெயிலரின் மற்ற வேலை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தை அம்மா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். நேற்றிரவு தண்ணீர் குடிக்க எழும்பி வந்தவன், எல்லை அதிகாரியின் கருநீலச் சீருடையில் நிற்கிற உன்னைப் பார்த்தபடி கனநேரம் நின்றுவிட்டேன். தொலைபேசியில் சொல்ல வாய் வராத ஒன்றை எழுதிவிடுகிறேன்.

சின்ன வயதில் விடியக் காலமை ஐந்து மணிக்கு உன்னை ஐஸ் ஹொக்கி ரிங்குக்குக் கூட்டிப் போகும்போது, நித்திரை கொள்ளாமல் இருக்க அந்தக் கால ஹொக்கி வீரர் சைக்ளோன் டெயிலரின் கதை சொல்வேனே, நினைவிருக்கிறதா? ஒன்ராறியோவின் சின்ன ஊர்ப் பெடியன். ரொறன்ரோவின் பெரிய அணி கூப்பிட்டும் போக மறுத்தான். அதற்காக ஒன்ராறியோவில் எங்குமே விளையாட முடியாதபடி ஹொக்கிச் சங்கம் தடை போட்டது. மனிடோபாவுக்குப் போனான். அங்கிருந்து 1906இல் மிச்சிகனிலுள்ள ஹோட்டன் என்ற செம்புச் சுரங்க ஊருக்கு. வீரர்களுக்கு வெளிப்படையாகவே சம்பளம் கொடுத்த முதல் ஹொக்கி லீக் அங்கேதான் இருந்தது. காசுக்கு விளையாடுவது கேவலம் என்று மற்ற இடங்களில் நினைத்த காலம் அது.

அப்புறம் ஒட்டாவா, 1909இல் ஹொக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கிண்ணம். அடுத்த பருவம் ரென்ஃபுரூ அணி 12 ஆட்டத்துக்கு 5,250 டொலர் கொடுத்துக் கொண்டுபோனது. அப்போது அணிக்கு ஏழு பேர். ஏழாவது ஆளான ரோவருக்கு நிலையான இடம் கிடையாது, பனித்தரை முழுக்க அவனுடையது. டெயிலர் ரோவராகவும் விளையாடினார். பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே கோல் போட்டாராம் என்று நான் சொன்னதும், நீ அதையே ஒரு மாதம் பழகி முழங்காலை உடைத்துக்கொண்டாய். அது நிஜமா, கட்டிய கதையா என்று இன்றும் ஆட்கள் வாதாடுகிறார்கள்.

இவ்வளவும்தான் உனக்குச் சொன்னேன். மீதியும் எனக்கு அப்போதே தெரியும். இந்த நாட்டில் உனக்கு ஒரு வீரன் வேண்டும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டேன்.

ஒட்டாவாவுக்கு அவரை இழுத்தது ஆட்டச் சம்பளம் மட்டுமில்லை. கூடவே குடிவரவுத் திணைக்களத்தில் அரசாங்க வேலையும் கிடைத்தது. வன்கூவர் அணிக்குப் போனபோதும் அந்த வேலையை அவர் விடவில்லை. 1914 மே 23, கொமகாத்தா மாரு என்ற கப்பல் வன்கூவருக்கு வந்து சேர்ந்தது. உள்ளே 376 பேர், பெரும்பாலும் பஞ்சாபிச் சீக்கியர்கள். அந்தக் கப்பலில் முதலில் ஏறிய கனேடிய அதிகாரி சைக்ளோன் டெயிலர்.

பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காத ஒரே பயணமாக வரவேண்டும், கையில் 200 டொலர் இருக்கவேண்டும் என்று சட்டம். இந்தியாவிலிருந்து அப்படி நேரே வரக் கப்பலே இல்லை, தடுக்கவென்றே எழுதிய சட்டம். முன்பே கனடாவில் இருந்தவர்கள் உட்பட ஒரு சிலரைத் தவிர ஒருவரையும் இறங்க விடவில்லை. சாப்பாடும் தண்ணீரும் தட்டுப்பாடாகி இரண்டு மாதம் கடலிலேயே கிடந்தார்கள். ஜூலை 23 அன்று பக்கத்தில் கடற்படைக் கப்பலை நிறுத்திவைத்து அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பஜ் பஜ்ஜில் இறங்கியவர்களைப் பொலிஸ் சுட்டது. ஏறக்குறைய இருபது பேர் செத்தார்கள்.

எட்டு மாதம் கழித்து, 1915 மார்ச்சில், டெயிலரின் வன்கூவர் அணி ஒட்டாவாவை மூன்று ஆட்டத்திலும் வென்று ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கியது.

முடிவெடுத்தவர் அவர் இல்லை, தெரியும். ஆனால் அந்தக் கப்பல் தட்டில் ஏறி அந்த முகங்களைப் பார்த்தவர் அவர். அன்று என்ன நினைத்திருப்பார் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். 1950 வரை அதே திணைக்களத்தில் இருந்து, மேலே மேலே போய், ஓய்வுபெற்றார். கொமகாத்தா மாருவுக்காகக் கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016இல். டெயிலர் இறந்து அப்போது ஏறக்குறைய 37 வருடம்.

2010 ஓகஸ்டில் சன் சீ கப்பல் அதே மாகாணத்துக்கு எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனம் 492 பேரோடு வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா ரீவிக்கு முன்னால் அழுதுகொண்டிருக்க, நீ ஸ்கேட்டுக்குக் கயிறு கோத்துக்கொண்டு, "இவர்களை ஏன் அடைத்து வைக்கிறார்கள்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. இந்த வேலைக்கு நீ விண்ணப்பித்தபோது அந்தக் கேள்விதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் 1989இல் விமான நிலையத்தில் அகதி என்று சொன்னபோது எதிரே இருந்த அதிகாரி முதலில் என்னை இருக்கச் சொன்னார். பிறகு என் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லி, பிழை விட்டு, அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். உன்னுடைய கடைசிப் பெயர் இன்று பிழையில்லாமல் இருப்பது அவரால்தான்.

ஓய்வு நாளில் வன்கூவர் கோல் ஹாபர் கரைக்குப் போ. கொமகாத்தா மாருவுக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது, பயணிகளின் பெயர்களோடு. டெயிலர் விளையாடிய டென்மன் அரங்கு 1936இல் எரிந்துபோனது; அது நின்ற இடமும் அதே கரையில், நடந்துபோகிற தூரத்தில்தான். மார்கழியில் நான் வரும்போது இரண்டு பேருமாக நடப்போம்.

சப்பாத்து இறுக்குகிறது என்றாயே, ஒரு அளவு பெரிதாக மாற்றிக் கேள். நாள் முழுக்க நிற்கிற வேலை.

அன்புடன்,
அப்பா