‘ஃபர்’ வீட்டுப் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் மாணவர் பக்கத்தில் ‘ஃபர்’ என்று முடியும் ஆங்கிலச் சொற்கள் 20க்குப் பொருள் போட்டிருந்தீர்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் பேத்தி அதை வெட்டிக் கொப்பியில் ஒட்டி, வரிசையாக மனனம் செய்துகொண்டிருந்தாள். 8ஆவது சொல்லில் என் காது கூசியது. ‘இன்ஃபர்’ என்றால் ‘குறிப்பாக உணர்த்துதல்’ என்று வாசித்தாள். 30 ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. குறிப்பாக உணர்த்துவது ‘இம்ப்ளை’. அது சொல்பவரின் வேலை. கேட்பவர் தாமாக உய்த்துணர்வதுதான் ‘இன்ஃபர்’. “வானம் இருட்டிக்கொண்டு வருகிறது” என்று மனைவி சொன்னதும், கொடியில் காயும் துணியை எடுக்கச் சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டு நான் எழும்புகிறேனே, அது.

இந்த ஒரு பிழை மட்டும் என்றால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். 20 சொற்களையும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் போல வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்களே, அதுதான் என் மனக்குறை. அவற்றில் பெரும்பாலானவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் ‘ஃபெர்ரே’ என்றால் சுமத்தல், கொண்டுபோதல்; புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி செய்கிற அதே வேலை. முன்னே ஒரு சிறு துண்டு ஒட்டியதும் சுமை போகும் திசை மாறிவிடும். ‘ட்ரான்ஸ்’ என்றால் அப்பால்: ட்ரான்ஸ்ஃபர். அரச ஊழியருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ‘ப்ரிஃபர்’ என்பது ஒன்றை மற்றொன்றுக்கு முன்னால் தூக்கி வைப்பது. ‘ரெஃபர்’ திரும்பக் கொண்டுபோவது. ‘இன்ஃபர்’ உள்ளே கொண்டுவருவது. கேட்டதிலிருந்து ஒரு முடிவை மனதுக்குள் கொண்டுவருதல் என்று பிள்ளைக்குச் சொல்லியிருந்தால் யாருடைய வேலை என்ற குழப்பமே வந்திராது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘சஃபர்’. ‘சப்’ என்றால் கீழே. சுமையின் கீழே நின்று தாங்குவது, அதனால் துன்பப்படுவது. தமிழில் ‘பொறை’ என்ற சொல்லுக்குப் பாரம் என்றும் பொருள், பொறுமை என்றும் பொருள். ரோமாபுரியாரைக் கேட்டா நம்மவர்கள் இப்படி வைத்தார்கள்? முதுகு வலித்தவர்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் வந்திருக்கிறது.

ஃபெர்ரே கொஞ்சம் விசித்திரமான வினை. ஆங்கிலத்தில் ‘கோ’ இறந்தகாலத்தில் ‘வென்ட்’ ஆவதுபோல, இதன் எச்சவடிவம் வேறொரு வேரிலிருந்து வந்து ‘லாத்துஸ்’ என்று நிற்கும். ஆகவே ட்ரான்ஸ்ஃபரும் ட்ரான்ஸ்லேட்டும் ஒரே வினைதான். ரெஃபரும் ரிலேட்டும் அப்படியே. நான் செய்த தொழிலும், அந்தத் தொழிலில் எனக்கு வந்த இடமாற்றக் கடிதங்களும் ஒரே சொல்லின் இரு முகங்கள் என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் உறைத்தது. தமிழிலும் அதே கதை. பெயர்த்தல் என்றால் இடம்விட்டு அகற்றுதல். மொழியைப் பெயர்த்தால் மொழிபெயர்ப்பு. ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்று தொல்காப்பிய மரபியலே பேசுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபெர்ரேயின் ஒன்றுவிட்ட சகோதரம் வடமொழியின் ‘பார’. அது நம்மிடம் வந்து ‘பாரம்’ ஆயிற்று, சிங்களத்தில் ‘பர’ ஆயிற்று. கனரக வாகனங்களுக்கான சிங்களப் பலகைகளில் ‘பர வாகன’ என்று பார்த்திருப்பீர்கள். லாத்துஸ் பிறந்த அந்த வேறு வேருக்கும் இங்கே உறவுண்டு: தூக்குதல், எடை நிறுத்தல் என்ற பொருளில் வடமொழியில் ‘துலா’. யாழ்ப்பாணத்தில் என் பாட்டன் மிதித்து நீர் இறைத்த கிணற்றடித் துலாவின் பெயரும் அதுதான். லத்தீன் சொல்லுக்குப் பொருள் தேடப் போய் எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் வந்து நிற்பேன் என்று நினைக்கவில்லை.

குடும்பம் என்றதற்காகக் கண்ட பிள்ளையையெல்லாம் வீட்டுக்குள் விடவும் கூடாது. களவெடுத்தலைக் குறிக்கும் ‘பில்ஃபர்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஃபெர்ரேயோடு எந்த உறவும் இல்லை. நாகு, அதாவது இளம் பசு, என்ற பொருளுள்ள ‘ஹெஃபர்’ தனி ஆங்கிலம். தங்கள் பட்டியலில் இரண்டும் இருந்தன. ‘டிஃபர்’ என்பதற்கு ‘ஒத்திவைத்தல்’ என்று மட்டும் போட்டிருந்தீர்கள். ஒருவர் கருத்துக்கு மதிப்பளித்து விட்டுக்கொடுத்தல் என்ற பொருளில் எழுத்தும் ஒலியும் ஒன்றேயான இன்னொரு சொல் இருக்கிறது. இரண்டும் ஃபெர்ரேயின் பிள்ளைகள்தாம், ஆனால் முன்னொட்டு வேறு, வந்த வழி வேறு.

வரும் ஞாயிறு ‘இன்ஃபர்’ பற்றிய திருத்தத்தையாவது வெளியிடுங்கள். கொப்பியில் நான் பென்சிலால் திருத்தியதைப் பேத்தி அழித்துவிட்டாள். பத்திரிகையில் அச்சில் வந்ததாம். தாத்தா சொல்வது வெறும் வாய்ப்பேச்சாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.