கெப்ளரின் தாயைப் பற்றித் திலகாவுக்கு

ஸ்டுட்கார்ட்

அன்புள்ள திலகா,

உன் உரையின் கையெழுத்துப் படி வந்து சேர்ந்தது. என் முழங்கால் தேறிவிட்டது. பேத்தி உயிர்மெய் எழுத்துகளை ஏறக்குறைய முடித்துவிட்டாள். மருமகனுக்கு வேலை மாற்றம் உறுதியாகிவிட்டது. பார்வதி மகளின் திருமணத்துக்கு என்னால் வர இயலாது என்பதை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு; நான் சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று உனக்குத் தெரியும். நலச் செய்திகள் இவ்வளவுதான். மிச்சமுள்ள தாளெல்லாம் உன் உரையின் இரண்டாம் பகுதிக்கு வேண்டும்.

'இருண்ட இடைக்காலத்தில் மதகுருமார்கள் 90 லட்சம் பெண்களைச் சூனியக்காரிகள் என்று சொல்லி எரித்தார்கள். அறிவியல் வந்து அந்த நெருப்பை அணைத்தது' என்று கல்லூரி மாணவிகளுக்கு முன்னால் நீ பேசப் போகிறாய். பெரிய எண்கள் மீது உனக்குள்ள ஆசையைக் கட்டுரைப் போட்டிக் காலத்திலிருந்தே அறிவேன். மரியதாஸ் சார் சிவப்பு மையால் அடித்த அடியெல்லாம் உன்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் இந்த வாக்கியத்தை மட்டும் நீ பேசக் கூடாது, திலகா. இதில் காலம் தவறு, எண் தவறு, செய்தவர்கள் யார் என்பது பெரும்பாலும் தவறு. இத்தனை ஆண்டுகள், கோள்களின் இயக்கத்தைப் பற்றி வானியலாளர் கெப்ளர் கண்ட மூன்றாம் விதியைக் கரும்பலகையில் எழுதிய உன் வாயிலிருந்து இது வருவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த விதி கெப்ளரின் மனத்தில் உருவான 1618-ஆம் ஆண்டில் அவருடைய தாயின் மீது சூனியக் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தது.

அந்தத் தாய் வாழ்ந்த லியோன்பெர்க், என் மகள் வீட்டிலிருந்து புறநகர் ரயிலில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது. இங்கு வந்ததிலிருந்து அவள் வழக்கைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துவருகிறேன். அவள் பெயர் கேட்டரினா. கணவன் கூலிப்படையில் சேர்ந்து போனவன், பிறகு திரும்பவே இல்லை. மூலிகைகளை அறிந்தவள், கூர்மையான நாக்கு உடையவள், அழைக்காத வீட்டுக்கும் சென்று நோயாளியை விசாரிப்பவள். கெப்ளரே இளமையில் எழுதிய சாதகக் குறிப்பொன்றில் தாயை ஒல்லியானவள், கறுத்தவள், வம்பு பேசுபவள், சண்டைக்காரி என்று வருணித்திருக்கிறார். 1615-இல், சன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துபவர் ஒருவரின் மனைவியும் கேட்டரினாவின் பழைய தோழியுமான உர்சுலா ரைன்போல்ட் என்பவள், சில ஆண்டுகளுக்கு முன் அவள் கொடுத்த கசப்பான பானத்தால்தான் தன் உடல் கெட்டது என்று பேசத் தொடங்கினாள். அதற்கு முன்பே அந்த உர்சுலாவுக்கும் கேட்டரினாவின் மகன் கிறிஸ்டோஃபுக்கும் தகராறு இருந்தது. உர்சுலாவின் சகோதரனும் வட்டார ஆட்சி அதிகாரியும் குடித்துவிட்டு, கேட்டரினாவை வரவழைத்து, வாளை நீட்டி, 'வைத்த வினையை எடு' என்று மிரட்டினார்கள். அந்த அதிகாரிதான் பின்னர் இந்தக் குற்றச்சாட்டுகளை விசாரிக்கும் பொறுப்பிலும் இருந்தார்.

குடும்பத்தார் அஞ்சி ஒதுங்காமல் அவதூறு வழக்குத் தொடர்ந்தார்கள். அந்த வழக்கு இழுத்துக்கொண்டே போன இடைவெளியில் ஊர் முழுவதும் தன் நினைவைத் துழாவத் தொடங்கியது. இதை நீ மாணவிகளுக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். முடமாகிப்போன பள்ளி ஆசிரியர் ஒருவர், என்றோ அவள் வீட்டில் அருந்திய பானத்தை நினைவுகூர்ந்தார். செங்கல் சுமந்து சென்ற சிறுமி, வழியில் அவளைக் கடந்த பிறகு கை மரத்துப்போனதாகச் சொன்னாள். மாண்டுபோன கால்நடைகளுக்கும் காரணம் கிடைத்தது. அதுவரை தனித்தனியாகக் கிடந்த துன்பங்கள், பெயர் ஒன்று கிடைத்தவுடன் ஒரே கதையாக இணைந்துகொண்டன. 1620 ஆகஸ்டில், எழுபதைக் கடந்த அந்த மூதாட்டியை, பாதிரியாருக்கு வாழ்க்கைப்பட்ட மகளின் வீட்டிலிருந்து கைது செய்து கொண்டுபோனார்கள். பதினான்கு மாதங்கள் சங்கிலியில் கிடந்தாள். காவலுக்கு நின்ற இரண்டு ஆட்களின் செலவும் அவள் சொத்தின் மீதே விழுந்தது. விசாரணையில் அவள் அழவில்லை என்பதும் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. வாழ்நாளெல்லாம் அழுது தீர்த்துவிட்டேன், இனிக் கண்ணீர் இல்லை என்பதே அவள் பதில்.

புனித ரோமானியப் பேரரசின் கணித அறிஞராக இருந்த மகன் லின்ஸ் நகரிலிருந்து கிளம்பி வந்து அவளுக்காக வாதாடினார். நீதிமன்ற எழுத்தர் அன்றைய குறிப்பில், குற்றம் சாட்டப்பட்டவள் 'துரதிர்ஷ்டவசமாக' தன் மகனும் கணித அறிஞருமான யோஹானஸ் கெப்ளரின் துணையோடு வந்திருக்கிறாள் என்று எழுதிவைத்தார். அந்த ஒரு சொல்லைப் படித்தபோது எனக்கு உடல் நடுங்கியது. எதிர்த்துப் பேசும் ஆள் வந்துவிட்டான் என்ற எரிச்சலை ஓர் அரசு ஆவணம் இவ்வளவு வெளிப்படையாகப் பதிவு செய்திருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. கெப்ளர் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் எடுத்து அதற்கு இயற்கையான காரணத்தைத் தேடினார். ஆசிரியர் ஒரு பள்ளத்தைத் தாண்டிக் குதித்தபோது அடிபட்டவர். சிறுமி தன் வலுவுக்கு மீறிச் செங்கல் சுமந்தவள். ஆனால் இங்கே நீ கவனமாக இருக்க வேண்டும். சூனியக்காரிகளே உலகில் இல்லை என்று கெப்ளர் வாதிடவில்லை. தம் தாய் அவர்களில் ஒருத்தி அல்லள் என்றுதான் வாதிட்டார். கோள்களின் பாதையை நீள்வட்டம் என்று கண்டறிந்த அறிவு அந்த எல்லையைத் தாண்டவில்லை. 'அறிவியல் வந்து நெருப்பை அணைத்தது' என்ற உன் வரிக்கு இதைவிட வலிய மறுப்பு வேண்டுமா?

வழக்கின் முடிவு டூபிங்கன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர்களிடம் போனது. அவர்களில் ஒருவர் கெப்ளரின் பழைய நண்பர். சித்திரவதை செய்ய வேண்டாம், கருவிகளைக் காட்டி அச்சுறுத்தினால் போதும் என்று அவர்கள் எழுதி அனுப்பினார்கள். 1621 செப்டம்பர் 28 அன்று, கொலைத்தண்டனை நிறைவேற்றுபவன் பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு கருவியாக அவளுக்கு விளக்கினார்கள். உடலிலிருந்து நரம்பை ஒவ்வொன்றாக உருவினாலும் ஒப்புக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை என்று சொல்லி, மண்டியிட்டுச் செபம் சொன்னாள். சில நாட்களில் விடுவிக்கப்பட்டாள். 1622 ஏப்ரலில் இறந்துபோனாள். அப்படிப்பட்ட மகனும் அப்படிப்பட்ட நண்பரும் இல்லாத பெண்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை அதே லியோன்பெர்க்கின் பதிவுகளே சொல்கின்றன. அதே அதிகாரியின் காலத்தில் வேறு பெண்கள் அங்கே கொல்லப்பட்டார்கள்.

இப்போது உன் வாக்கியத்துக்கு வருகிறேன். சூனியக்காரி வேட்டை உச்சத்தில் இருந்தது இடைக்காலத்தில் அல்ல. சுமாராக 1560-க்கும் 1630-க்கும் இடைப்பட்ட காலத்தில். அச்சு இயந்திரமும் பல்கலைக்கழகங்களும் தொலைநோக்கியும் வந்துவிட்ட காலம் அது. 90 லட்சம் என்ற கணக்கு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் க்வெட்லின்பர்க் நகர அதிகாரி ஒருவர் தம் ஊர்ப் பதிவேட்டில் கண்ட சில வழக்குகளை ஐரோப்பா முழுவதற்கும் பல நூற்றாண்டுகளுக்கும் பெருக்கிச் சொன்னது. ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் இன்று கொல்லப்பட்டோர் தொகையை 40,000 முதல் 60,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். இந்த எண் போதாது என்று உனக்குத் தோன்றினால், அதில் ஒருத்தியின் பெயரையாவது மாணவிகளுக்குச் சொல், அது போதும். கொல்லப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். ஐஸ்லாந்தில் எரிக்கப்பட்ட இருபதுக்கும் சற்று மேற்பட்டவர்களில் ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். அமெரிக்காவின் சேலத்தில் 1692-இல் யாரும் எரிக்கப்படவில்லை. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஒருவர் மேல் பாரம் ஏற்றி நசுக்கினார்கள். கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் மருத்துவச்சிகள் என்பதும் ஆவணங்களில் நிற்கவில்லை.

மதகுருமார்களை நான் விடுவிக்கவில்லை. வேட்டைக்குக் கையேடு எழுதிய ஹைன்ரிக் கிராமர் ஒரு துறவிதான். பெரும் வேட்டை நடந்த வூர்ட்ஸ்பர்க்கிலும் பாம்பெர்க்கிலும் ஆட்சி செய்தவர்கள் ஆயர்கள்தான். ஆனால் இதே கிராமரை 1485-இல் இன்ஸ்ப்ருக்கிலிருந்து வெளியேறச் சொன்னவரும் ஓர் ஆயரே. ஸ்பெயினின் மத விசாரணை மன்றம் அனுப்பிய சலசார் என்ற அதிகாரி, அந்நாட்டின் வடக்கே பாஸ்க் மக்கள் வாழும் ஊர்களைச் சுற்றிவந்து, சூனியத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும் வரை இங்கே சூனியக்காரிகளே இல்லை என்று அறிக்கை கொடுத்தார். பெரும்பாலான வழக்குகளை நடத்தியவை உள்ளூர் அரசு நீதிமன்றங்கள். கேட்டரினாவின் ஊர் கத்தோலிக்க ஊரும் அன்று, புராட்டஸ்டண்ட் பிரிவான லூத்தரன் சபையின் ஊர். அவளைக் குற்றம் சாட்டியவர்கள் அக்கம்பக்கத்தார், சிறையிட்டவர்கள் அரசு அதிகாரிகள்.

சூனியம் என்றால் என்ன என்ற உன் முதல் பக்கமும் எனக்குக் குறையாகவே படுகிறது. அக்கம்பக்கத்தாருக்கு அது ஒரு தீங்கு: பால் வற்றியது, குழந்தை இறந்தது, கை மரத்தது, யாரோ செய்திருக்கிறார்கள். படித்த நீதிபதிகளுக்கோ அது ஒரு சதி: சாத்தானோடு உடன்படிக்கை, இரவுக் கூட்டம், பறந்து செல்லுதல். முதலாவது உலகின் பல பகுதிகளில் உண்டு. தென் சூடானின் அசாண்டே மக்களிடம் வாழ்ந்து ஆராய்ந்த எவன்ஸ்-பிரிட்சர்ட் 1937-இல் எழுதியதைப் படி. தானியக் களஞ்சியத்தின் கால்களைக் கரையான் அரித்ததால் அது விழுந்தது என்பது அசாண்டேக்காரருக்கும் நன்றாகத் தெரியும். நிழலுக்காக அதன் கீழே சிலர் அமர்ந்திருந்த அதே நேரத்தில் அது ஏன் விழ வேண்டும் என்பதற்கே அவர்கள் சூனியத்தைக் காரணம் காட்டுகிறார்கள். அறியாமை என்று இதை நாம் ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. எனக்கு மட்டும் ஏன், இப்போது ஏன் என்று துன்பத்தில் கேட்காதவர் யார்? இந்த அண்டை வீட்டுச் சந்தேகத்தோடு நீதிபதிகளின் சதிக் கதையும் சித்திரவதையும் சேர்ந்துகொண்ட இடத்தில்தான் ஊர் ஊராகச் சாவு விழுந்தது. சதி என்று ஆகிவிட்டால் கூட்டாளிகளின் பெயர் வேண்டுமே.

பாம்பெர்க் நகரத் தலைவராக இருந்த யோஹானஸ் ஜூனியஸ் 1628 ஜூலையில் சிறையிலிருந்து மகள் வெரோனிகாவுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. குற்றமற்றவனாக வந்தேன், குற்றமற்றவனாகவே சாகப் போகிறேன் என்று தொடங்கி, நசுக்கப்பட்ட கைகளால் எழுதியிருக்கிறார். கடவுளுக்காகக் கேட்கிறேன், உண்மையோ பொய்யோ எதையாவது ஒப்புக்கொள்ளுங்கள் என்று வதைத்தவனே அவரிடம் கெஞ்சியிருக்கிறான். கடைசியில் ஒரு கதையைக் கற்பனை செய்து சொல்கிறார். அது போதவில்லை, கூட்டத்தில் கண்டவர்களின் பெயரைச் சொல் என்கிறார்கள், தெருத் தெருவாக அழைத்துச் சென்று, இந்தத் தெருவில் யார், அந்தத் தெருவில் யார் என்று கேட்கிறார்கள். அடுத்த மாதமே கொல்லப்பட்டார். இதைப் படித்துவிட்டு, மீண்டும் உன் 'இருண்ட காலம்' என்ற சொல்லைப் படித்துப் பார். அவர்கள் பதிவேடு வைத்தார்கள், சாட்சி கேட்டார்கள், சட்ட அறிஞர்களின் கருத்தைப் பெற்றார்கள். முறைப்படி எல்லாம் நடந்தது. இதைச் சொல்லாவிட்டால் உன் மாணவிகள், நாம் படித்தவர்கள், நமக்கு இது நேராது என்ற நிம்மதியோடு எழுந்து போய்விடுவார்கள்.

விடுதியில் மஞ்சள் காமாலை பரவிய ஆண்டை நீ மறந்திருக்க மாட்டாய். சமையற்கூடத்துச் செல்லம்மாள் யாரோடோ சண்டையிட்டுச் சாபமிட்டாள் என்று ஒருத்தி சொன்னாள். மூன்றாம் நாள் எல்லோரிடமும் அவளைப் பற்றி ஒரு கதை இருந்தது. அந்த வாரமே நிர்வாகம் அவளை அனுப்பிவிட்டது. கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பியவர் மரியதாஸ் சார் ஒருவர்தான், அதுவும் அவள் போன பிறகு. நாம் எல்லோரும் அறிவியல் மாணவிகள்.

ஜார்க்கண்டில் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று அடையாளம் காட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் 2001-இல் வந்தது. பீகாரில் 1999-இலேயே வந்துவிட்டது. அந்தப் பட்டம் சூட்டப்பட்டு ஊரைவிட்டு ஓடிய சுட்னி தேவி, தன்னைப் போன்ற பெண்களைக் காக்கும் பணிக்காக 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அசாமின் பிருபாலா ராபாவுக்கும் அதே ஆண்டில் அந்த விருது கிடைத்தது. அங்கும் பல வழக்குகளின் பின்னணியில் இருப்பவை விதவையின் நிலமும் பழைய பகையும் காரணம் தெரியாத ஒரு காய்ச்சலும்தான். உன் உரையில் இந்தியா கடைசிப் பத்தியில் இரண்டு வரியாக ஒதுங்கியிருக்கிறது. அதை நடுவுக்குக் கொண்டு வா. இன்று தங்களைச் சூனியக்காரிகள் என்று பெருமையோடு அழைத்துக்கொள்ளும் மேலைநாட்டு விக்கா சமயத்தைப் பற்றிய பக்கத்தை எடுத்துவிடலாம். அது 20-ஆம் நூற்றாண்டில் பிறந்தது, எரிக்கப்பட்டவர்களின் சமயம் அன்று, அதற்கு ஒரு வரி போதும்.

பேச்சு அடுத்த மாதம்தானே. திருத்திய படியை அதற்குள் எனக்கு அனுப்பு. ஜூனியஸின் கடிதத்தை நான் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன், அது அடுத்த அஞ்சலில் வரும். அதை நீ வாசிக்காதே, உனக்குக் குரல் உடைந்துவிடும். தெளிவாகப் படிக்கக்கூடிய மாணவி ஒருத்தியிடம் முன்கூட்டியே கொடுத்துப் பழகச் சொல்.

அன்புடன்,
கற்பகம்