பாதிப் பதிலோடு நின்ற இணையம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சம்பூரில் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற வாரம் ஒரு மாணவி இருபடிச் சமன்பாடு ஒன்றைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டாள். பாதிப் பதிலோடு இணைப்பு அறுந்துவிட்டது. மீதியை முற்றத்து வேப்பமரத்தடியில், கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துத்தான் வாசித்தாள்.

அந்த அறிவு கைத்தொலைபேசிக்குள்ளேயே இருப்பதாகப் பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கேள்வி தொலைபேசிக் கோபுரம் ஏறி, மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 போன்ற கடலடிக் கேபிள்கள் வழியே பெரும்பாலும் வெளிநாட்டுக் கணினி நிலையங்களுக்குப் போய்த்தான் திரும்புகிறது. அந்த அறிவு வளர்ந்ததும் இணையத்தில் மனிதர்கள் எழுதிவைத்தவற்றைப் படித்துத்தான். எங்கள் ஊர்களில் இணைப்பு நலிந்தால், இங்கிருந்து எழுதுவோர் குறைந்து, இணையத்தில் எங்கள் தமிழும் மெலிந்துபோகும். என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

கூகுளின் ஜெம்மா போன்ற சிறிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் இணையம் இல்லாமலே கணினியில் இயங்கும். மாகாணக் கல்வித் திணைக்களம் அவற்றைக் கிராமப் பாடசாலைகளின் கணினி அறைகளில் நிறுவிப் பார்க்க வேண்டும். ஆனாலும் கோபுரம் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. நல்லதொரு மாதிரியை முதலில் தரவிறக்கவே சில கிகாபைட் தேவை.

கணித ஆசிரியை,
சம்பூர், திருகோணமலை.